கேளுங்கள், எழுதிக் கேளுங்கள்: ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் 22 குறிப்புகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை இல்லை. ரேஷன் கடையில் பருப்பு இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது. இதையெல்லாம் டீக்கடையிலும் பேருந்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் நாம் பேசாத நாளில்லை. பேச வேண்டிய இடத்தில் மட்டும் பேசுவதில்லை. பேசினாலும் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அரசு அலுவலகத்தில் வாயால் சொன்னதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தேதி, பெயர், எண் உள்ள காகிதத்துக்குக் கட்டாயம் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பம் வக்கீல் இல்லாமல், பெரும்பாலும் காசு செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒரு கோப்பு போடுங்கள். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போதும். மருத்துவச் சீட்டுகள், கடை ரசீதுகள், கொடுத்த மனுக்கள் என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள். கடைகளில் இப்போது தரும் பளபளப்பான ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே செல்போனில் படம் பிடித்துவிடுங்கள். விலை உயர்ந்த பொருள் என்றால் ஒரு ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. அதுவரை ரசீது படிக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

2. எண்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அவசர ஊர்திக்கு 108. அரசு மருத்துவமனையில் பிரசவமான தாயையும் பச்சிளங்குழந்தையையும் வீட்டில் கொண்டு விட 102. மருத்துவ ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனை குறித்த புகாருக்கும் 104. முதல்வரின் உதவி மையம் 1100. ரேஷன் புகாருக்கு 1967. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சமையல் எரிவாயு கசிந்தால் 1906. இலவச சட்ட உதவிக்கு 15100. வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரத்திலும் உதவும்படி, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

அரசு மருத்துவமனையில்

3. ஓ.பி. சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். அன்று நீங்கள் அங்கே போனதற்கு அது ஒன்றுதான் சாட்சி. தேதியும் பதிவு எண்ணும் அதில் இருக்கும். நாய்க்கடித் தடுப்பூசியை முதல் நாள், 3, 7, 28 என்று தவணை முறையில் போடுவார்கள். அடுத்த ஊசிக்கு அதே சீட்டைத்தான் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது, சேர்ந்த தேதி, நோய், கொடுத்த மருந்து, மறுபடி வர வேண்டிய நாள் எல்லாம் எழுதிய சுருக்கத்தைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

4. ‘மருந்து ஸ்டாக் இல்லை’ என்றால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்காகவே 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாவட்டக் கிடங்கில் மருந்து இருக்கும். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பாஸ்புக்கில் உள்ள ஒதுக்கீட்டுக்கு ஏற்ப அதை எடுத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரு சிறு பகுதியை உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. ஆகவே ‘மேலிருந்து வரவில்லை’ என்பது முழுப் பதில் ஆகாது. “வெளியில் வாங்கிக்கோங்க” என்று சொன்னால், இந்த மருந்து இங்கே இருப்பு இல்லை என்று சீட்டிலேயே எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பல இடங்களில் இப்படிக் கேட்டதுமே மருந்து வந்துவிடும். வராவிட்டால் மருந்தின் பெயரையும் தேதியையும் சொல்லி 104-இல் பதிவு செய்யுங்கள்.

5. யாரிடம் புகார் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் மனுக்களில் பாதி, தவறான மேசைக்குப் போய் அங்கேயே தூங்கிவிடுகின்றன. துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகின்றன. முதலில் வட்டார மருத்துவ அலுவலருக்கும், அவருக்கு மேல் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் எழுத வேண்டும். தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன். மாநகராட்சி நடத்தும் நிலையம் என்றால் மாநகர நல அலுவலர். எல்லோருக்கும் நகல் அனுப்பி மிரட்ட வேண்டாம். சரியான ஒருவருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் அனுப்பினால் போதும்.

6. கை நீட்டுபவரிடம் ரசீது கேளுங்கள். சக்கர நாற்காலி தள்ள ஒரு தொகை, பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்ல ஒரு தொகை, துணி மாற்ற ஒரு தொகை என்று சில பிரசவ வார்டுகளில் எழுதப்படாத விலைப்பட்டியலே இருக்கிறது. “எவ்வளவுங்க? ரசீது போட்டுக் கொடுங்க, கட்டிடறேன்” என்று கேட்டுப் பாருங்கள். வார்டு எண், நேரம், ஷிஃப்ட், தெரிந்தால் ஊழியரின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு சட்ட விவரமும் தெரிந்திருக்கட்டும். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தினால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ காவல்துறைக்கோ தெரிவித்துவிட்டால் அவர் மேல் குற்றம் வராது. எனவே கொடுத்துவிட்டோமே என்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம். ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

7. கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எண் வாங்குங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தால் இந்த எண் கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து ரூ.18,000 மதிப்புள்ள உதவி தவணைகளாக வருகிறது. தவணை நின்றுபோவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குப் பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகாததுதான் காரணம். பதிவன்றே இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் பிக்மி எண்ணைக் குறிப்பிட்டு வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுதுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய எந்தக் கட்டணமும் இல்லை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் விவரத்தைப் பதிவாளருக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு. பிறப்புச் சான்றிதழுக்கு ‘டீ செலவு’ கேட்க யாருக்கும் உரிமையில்லை.

8. காப்பீட்டு அட்டையை நோய் வந்த பிறகு தேடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருப்பவர்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் வேண்டும். தனியார் மருத்துவமனையில் சேரும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா? இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டு, ‘அட்டை போக இவ்வளவு கட்டுங்கள்’ என்றால் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உடனே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அழையுங்கள். வீட்டுக்குப் போன பிறகு சொல்வதைவிட மருத்துவமனைக்குள் இருக்கும்போதே சொல்வது பலிக்கும்.

9. சாலை விபத்தில் பணம் பற்றிக் கவலைப்பட்டு நேரத்தை இழக்காதீர்கள். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி, தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு வரையறுத்த தொகை வரை சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் காகிதமெல்லாம் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. அவசர நோயாளியைப் படுக்கை இல்லையென்று அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பிய மேற்கு வங்க வழக்கில், அது உயிர்வாழும் உரிமையை மீறிய செயல் என்று 1996-இல் தீர்ப்பளித்து, இழப்பீடும் கொடுக்க வைத்தது.

10. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். நோயாளியோ அவர் அனுமதித்த உறவினரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவண நகல்களைத் தர வேண்டும் என்கின்றன மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகள். தனியார் மருத்துவமனைகளிலும் இதைக் கேட்கலாம். சந்தேகம் எழுந்த உடனே, கோபத்தைக் காட்டாமல், ‘வேறு மருத்துவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்குங்கள். வழக்குப் போடுவதற்கும் ஆலோசனைக்கும் முதலில் தேவைப்படுவது இந்தக் காகிதங்கள்தான்.

11. நர்ஸம்மாவிடம் சண்டை போடாதீர்கள். கவுன்டரில் நிற்பவருக்கு மருந்து வாங்கும் அதிகாரமும் இல்லை, ஆள் நியமிக்கும் அதிகாரமும் இல்லை. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருக்கலாம். அவரிடமே, “எத்தனை போஸ்ட் காலியா இருக்கு, சிஸ்டர்?” என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மனுவுக்கு வேண்டிய முக்கியமான தகவல் அங்கேயே கிடைத்துவிடும். மருத்துவப் பணியாளரைத் தாக்குவது தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம். அந்த வழக்கு வந்துவிட்டால் உங்கள் நியாயமான புகார் காணாமல் போய்விடும்.

மருந்துக் கடையில்

12. மருந்துக்குப் பில் வாங்குங்கள். அதில் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தின் மேல் சந்தேகம் வந்தது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைச் சோதித்தபோது டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. நச்சு மருந்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற உதவுவது புட்டியின் மேல் அச்சிட்ட தொகுதி எண்தான். பில்லும் புட்டியும் வீட்டில் இருந்தால், செய்தி வந்ததும் உங்கள் வீட்டு மருந்தும் அந்தத் தொகுதியா என்று பார்த்துவிடலாம். சந்தேகமான மருந்தைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமை, 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி யாருக்கும் உண்டு.

13. மருந்துக்கும் உச்சவரம்பு விலை உண்டு. அத்தியாவசிய மருந்துகளின் அதிகபட்ச விலையைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முடிவு செய்கிறது. இதய அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலேயும் விற்றுக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு ரூ.29,600 என்று வரம்பு வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கும் வரம்பு வந்தது. வரம்பு அவ்வப்போது மாறும். அறுவை சிகிச்சை பில்லில் ஸ்டென்ட்டின் நிறுவனப் பெயரும் விலையும் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் விலை என்று தோன்றினால் 1800 111 255 என்ற எண்ணில் கேளுங்கள்.

14. வேதிப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளுக்கு நிறுவனப் பெயரோடு வேதிப்பெயரும் தெரிந்திருந்தால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24-இல் மாநிலம் முழுவதும் 1,000 கடைகளாகத் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலைக்கு வாங்கலாம். இதே நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தர, 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. உங்கள் தெருவுக்கு வருவதில்லை என்றால் அதுவும் ஒரு புகார்தான்.

தெருவிலும் கடையிலும்

15. தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பாருங்கள். மேல்நிலைத் தொட்டியில் கடைசியாகக் கழுவிய தேதி எழுதியிருக்க வேண்டும். அது பழைய தேதியாக இருந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் வந்து சேரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். ஊராட்சியில் குளோரின் பார்க்கும் சிறு கருவி இருக்கும். உங்கள் வீட்டுக் குழாயில் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். தெருவில் ஒரே வாரத்தில் பல வீடுகளில் வயிற்றுப்போக்கு என்றால், வீட்டு எண்களோடு பட்டியல் எழுதி சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். போதிய குடிநீர் தருவது உள்ளாட்சியின் கடமை என்று 1939-ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டம் சொல்கிறது. இது சுதந்திரத்துக்கும் மூத்த சட்டம், இன்றும் செல்லும்.

16. கிராம சபைக்குக் காகிதத்தோடு போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. ‘எங்கள் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடத்தை நிரப்ப வேண்டும்’ என்பது போல ஒரே வரித் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி எடுத்துப் போங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இயங்கும் நோயாளர் நலச் சங்கத்துக்கு அரசு நிதி வருகிறது. அதன் வரவு செலவையும் சபையில் கேட்கலாம்.

17. ரேஷன் குறுஞ்செய்தியை அழிப்பதற்கு முன் படியுங்கள். வாங்காத சர்க்கரையை வாங்கியதாகச் செய்தி வந்தால் அன்றே 1967 அல்லது 1800 425 5901-இல் சொல்லுங்கள். இருப்பு விவரம் கடையில் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். ‘சோப்பு வாங்கினால்தான் பருப்பு’ என்று கட்டாயப்படுத்தினால், பில்லோடு வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

18. எடையில் ஏமாறாதீர்கள். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். அதற்கான சான்று கடையில் பார்வைக்கு இருக்க வேண்டும். பொருள் வைக்கும் முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுத்தால், பெட்டியின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். கிலோ 800 ரூபாய் இனிப்பில் 100 கிராம் பெட்டி உங்களுக்கு 80 ரூபாய். வீட்டு எரிவாயு உருளையில் 14.2 கிலோ எரிவாயு இருக்க வேண்டும். வெற்று எடை உருளையிலேயே எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டி நிறுத்துப் பாருங்கள். உருளைக் கழுத்தில் ‘ஏ-27’ என்றிருந்தால் 2027 மார்ச்சுக்குள் அதை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். காலம் கடந்த உருளையை வாங்க வேண்டாம். பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுக் கலத்தில் அளந்து காட்டச் சொல்லலாம். எடை, அளவு, எம்.ஆர்.பி. புகார்களுக்கு உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம்.

19. எம்.ஆர்.பி. என்பதில் எல்லா வரியும் அடக்கம். குளிர்பானத்துக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று கடைக்காரர் கூடுதலாக வாங்கினால் அது தவறு. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் மட்டும் தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உணவுப் பொட்டலம் என்றால் 14 இலக்க உரிம எண்ணையும் பாருங்கள். கெட்டுப்போன உணவு, கலப்படம், அழுக்கான சமையலறை ஆகியவற்றுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. படத்தோடு கடை முகவரி, தேதி, நேரம் அனுப்புங்கள். வாங்கிய உணவை நாமே கட்டணம் கட்டி அரசு ஆய்வகத்தில் சோதிக்கலாம். தரமில்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கிண்டி, தஞ்சாவூர், மதுரை, கோவை, சேலம், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன.

மனு எழுதும்போது

20. ஒரு பக்கம், ஒரு குறை, ஒரு கோரிக்கை. நாட்டு நடப்பு, ஆட்சி விமர்சனம் எதுவும் மனுவில் வேண்டாம். இந்த அளவு போதும்: ‘இம்மாதம் 4-ஆம் தேதி காலை 10.20-க்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றேன். ஓ.பி. எண் இது. மெட்ஃபார்மின் மாத்திரை இருப்பு இல்லை என்றனர். மூன்றாவது மாதமாக இதே நிலை. மருந்து தொடர்ந்து கிடைக்க ஆவன செய்து, எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.’ கடைசி வரியை மறக்காதீர்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். 1100-இல் சொன்னாலும் எண் தருவார்கள். ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று மனுவை முடித்துவிட்டால், அந்தப் பழைய எண்ணையே குறிப்பிட்டு, என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில் என்று மறுபடி கேளுங்கள்.

21. ஒரு மாதத்தில் பதில் இல்லையா? பத்து ரூபாய் எடுங்கள். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ‘ஏன் மருந்து இல்லை?’ என்று கேட்டால், விளக்கம் தருவது எங்கள் வேலையல்ல என்று தட்டிக்கழிக்கலாம். ஆவணமாகக் கேளுங்கள்: கடந்த 6 மாத மருந்து இருப்புப் பதிவேட்டின் நகல், அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது, அதன் மேல் எழுதிய குறிப்புகளின் நகல். இந்தக் கடைசிக் கேள்விதான் மனுவை அசைக்கும். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். உயிரும் சுதந்திரமும் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரம். வராவிட்டால் 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடமும், பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடமும் போகலாம். தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை அபராதம் உண்டு.

22. எந்தக் கதவு எதற்கு என்று பார்த்துத் தட்டுங்கள். பணம் கொடுத்துப் பெற்ற பொருளிலும் சேவையிலும் குறை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்; ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. தனியார் மருத்துவமனையும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் அது இலவச சேவை ஆகாது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மட்டும் இதற்குள் வராது. அதற்காக அங்கே நடந்த தவறைக் கேட்க வழியில்லை என்று நினைக்க வேண்டாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கட்டணமின்றி எழுதலாம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இழப்பீடு கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது சட்டப் பணிகள் ஆணைக்குழு.

இந்த 22 குறிப்புகளையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். உங்கள் தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் ஒரு குறையை எடுங்கள். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பக்க மனு எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, உரிய அதிகாரியிடம் கொடுத்து எண் வாங்குங்கள். தனியாள் புகாரைச் சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்கலாம், தெருவே எழுதிய மனுவை அப்படி ஒதுக்க முடியாது. குறை தீர்ந்தால் அந்த அதிகாரிக்கு நன்றி சொல்லியும் நாலு வரி எழுதுங்கள், ஏனென்றால் நல்லபடியாக வேலை செய்பவருக்கும் கோப்பில் ஒரு காகிதம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் நம் வரிப்பணத்தில் நடப்பவை. அங்கே கணக்குக் கேட்பது நம் கடமை.